பழைய வேனுக்கு ஒரு பழைய கியர்பாக்ஸ்: தேடியது, தவறியது, பொருத்தியது

பின்னணி

இந்தக் குறிப்பில் வரும் வண்டி 18 வயதான டீசல் வேன். எஞ்சின் முன்னால் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின்சக்கரங்கள் தள்ளும், 5 கியர் மேனுவல் பாக்ஸ். எங்களிடம் வந்தபோது 3.4 லட்சம் கி.மீ. ஓடியிருந்தது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆகும், புகை கிடையாது, ஆயில் குறைவதில்லை. துருவும் கதவு ஓரங்களோடு நின்றிருந்தது.

உரிமையாளர் இந்த ஒரு வண்டியை வைத்துத்தான் தினமும் சரக்கு ஏற்றி இறக்குகிறார். வண்டி நிற்கிற நாள் அவருக்கு வேலை இல்லாத நாள். நாங்கள் செய்த முதல் தவறுக்கு இந்த அவசரம் ஒரு காரணம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். கூட ஓர் இளைய மெக்கானிக் இருந்தார். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் எங்கிருந்தோ வந்த, வரலாறு தெரியாத ஒரு பாக்ஸைத் தேடிப் பிடித்துப் பொருத்துவதில் எங்கே சறுக்கும் என்பதை இந்த வண்டியில்தான் முழுதாகக் கற்றுக்கொண்டோம்.

முதல் நாள் பார்த்தது

உரிமையாளர் சொன்ன புகார் இரண்டு. ஓடும்போது ஓர் ஊளைச் சத்தம், இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே வருகிறது. அப்புறம், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடுகிறது. சத்தம் பின் ஆக்சிலிலிருந்து வருகிறது என்றே அவர் நினைத்திருந்தார்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டோம். கிளட்ச் பெடலை மிதிக்காதபோது கரகரவென்ற உறுமல், மிதித்ததும் நின்றது. இந்தச் சோதனையைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. பெடலை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால், கிளட்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால் நிற்கிறது என்றால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்த இன்புட் ஷாஃப்டும் (எஞ்சினின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு), அது சுற்றும் லே ஷாஃப்டும் (உள்ளே இணையாக ஓடும் துணைத் தண்டு) நின்றதால் சத்தம் நின்றது என்று பொருள். பின் ஆக்சில் அப்போதே சந்தேகத்திலிருந்து விடுபட்டது, ஏனென்றால் வண்டி நகரவே இல்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். 1, 2, 3, 5 நான்கிலும் ஊளை. நான்காம் கியரில் மட்டும் ஏறக்குறைய அமைதி. இந்த வகைப் பாக்ஸில் நான்காவது நேர் கியர். இன்புட் ஷாஃப்டும், சக்கரங்களை நோக்கிப் போகும் மெயின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர அதன் மேல் சுமை விழாது. மற்ற எல்லா கியரிலும் சுமை லே ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆக, லே ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது என்பது ஓட்டிப் பார்த்ததிலேயே ஏறக்குறைய உறுதி. மூன்றாவது துள்ளுவதும் இதோடு பொருந்தியது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் விலகினால், சுமையில் பற்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும்.

ஆயிலை இறக்கினோம். எப்போதும் செய்வது போல முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து, அது கழல்கிறது என்று உறுதியான பின்தான் வடிக்கும் பிளக்கைத் தொட்டோம். அந்த வரிசையை மாற்றி, ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். 2.2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.3 லிட்டர்தான் வந்தது. வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. அது எந்தப் பாக்ஸிலும் இருக்கும். கவலை தந்தது குழம்புக்குள் இருந்த செதில்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, நகத்தின் ஓரம் அளவு. கடினப்படுத்திய எஃகின் மேல்தோல் உரிந்தால்தான் இப்படி வரும். பேரிங்கோடு பற்களும் போக ஆரம்பித்துவிட்டன என்று முடிவு செய்தோம்.

எடுத்த முடிவும் காரணமும்

வழிகள் மூன்று இருந்தன. புதிய பாக்ஸின் விலை வண்டியின் மதிப்பையே நெருங்கியது, அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. இருக்கிற பாக்ஸைப் பிரித்துச் செப்பனிடுவதைத்தான் நான் முதலில் விரும்பினேன். பேரிங், சீல், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துவரச் செய்யும் சிங்ரோ வளையம் எல்லாம் வாங்கிவிடலாம். ஆனால் லே ஷாஃப்ட் என்பது பல கியர்கள் சேர்ந்த ஒரே துண்டு. அதில் ஒரு பல் உரிந்தாலும் முழுத் துண்டும், அதோடு கடிக்கும் கியரும் மாற்ற வேண்டும். இந்த மாடலுக்கு அந்தத் துண்டு புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. மீதி இருந்தது, உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்த ஒரு பழைய பாக்ஸ்.

உரிமையாளரிடம் இதன் எல்லையையும் சொன்னோம். பழைய பாக்ஸில் உள்ளே இருப்பதை யாரும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது, வெளியிலிருந்து பார்க்க முடிந்ததை மட்டுமே பார்க்க முடியும் என்றோம். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். எஞ்சின் நன்றாக இருந்ததுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

முதல் பாக்ஸ்

அன்று மாலையே உரிமையாளர் வண்டிக்கு அடியில் குனிந்து, கேஸிங்கில் தெரிந்த எண்ணைப் படம் எடுத்து, பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். அதே எண் உள்ள பாக்ஸ் இருப்பதாகப் பதில் வந்தது. எங்களிடம் கேட்டார். எண் ஒத்துப்போகிறது என்றதும் நானும் தலையசைத்துவிட்டேன். பழைய பாக்ஸ் அப்போது இன்னும் வண்டியில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பாக்ஸ் வந்தது. அதற்குள் எங்களுடையதை இறக்கித் தரையில் வைத்திருந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) போல்ட் துளைகள், மொத்த நீளம், பிராப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பின் ஃபிளேஞ்ச், மவுண்ட் எல்லாம் ஒன்று. உடனே தூக்கி மாட்டியிருக்கவும் கூடும். பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து இன்புட் ஷாஃப்டில் செருகிப் பார்த்தவர் இளைய மெக்கானிக்தான். ஏறவில்லை. “அண்ணே, பல்லு உட்காரல,” என்றார். எண்ணினோம். எங்களுடையதில் 21 பல், வந்ததில் 23.

கிளட்ச் பிளேட்டை மட்டும் 23 பல்லுக்கு மாற்றிவிட்டால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வெர்னியரை எடுத்து ஷாஃப்டின் நுனியை அளந்தோம். எங்களுடையது 15 மி.மீ., வந்தது 17 மி.மீ. அந்த நுனி கிராங்க் ஷாஃப்டின் முனையிலிருக்கும் பைலட் பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். எங்கள் எஞ்சினில் இருந்தது 6202 பேரிங், உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35 மி.மீ. 17 மி.மீ. நுனிக்கு 6203 வேண்டும், அதன் வெளிவிட்டம் 40. அது கிராங்கின் குழிக்குள் போகாது. நுனியைக் கடைந்து சிறிதாக்கலாம் என்ற யோசனையும் வந்தது. கடினப்படுத்திய ஷாஃப்டின் மேல்தோலைச் சீவி எடுத்து, சுமை ஏற்றும் வண்டியில் போடுவதற்கு நான் உடன்படவில்லை. பாக்ஸைத் திருப்பி அனுப்பினோம். அனுப்பும் செலவு உரிமையாளர் தலையில் விழுந்தது. அதில் பாதியைப் பட்டறை ஏற்றுக்கொண்டது, தலையசைத்தவன் நான் என்பதால்.

எண் எப்படிப் பொய்த்தது? பாக்ஸைக் கழுவிய பிறகுதான் விளங்கியது. படத்தில் இருந்தது கேஸிங்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட, மேலெழும்பிய எண். அது அந்த ஓட்டின் வார்ப்புக்கு உரியது. ஒரே ஓட்டுக்குள் வெவ்வேறு ஷாஃப்டும் வெவ்வேறு கியர் விகிதமும் போட்டுப் பல வண்டிகளுக்குக் கொடுப்பது தயாரிப்பில் வழக்கம். பாக்ஸின் உண்மையான அடையாளம் ஒரு சிறிய உலோகத் தட்டில் பொறிக்கப்பட்டு, பக்கவாட்டு போல்ட் ஒன்றில் மாட்டியிருந்தது. அதன்மேல் விரல் கனத்துக்கு ஆயிலும் மண்ணும் இறுகிக் கிடந்தன.

இரண்டாவது தேடல்

இந்த முறை தட்டு எண், வண்டியின் சேஸிஸ் எண், தயாரித்த மாதம், ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, நுனி அளவு, ஸ்பீடோமீட்டருக்குக் கேபிளா சென்சாரா என்பது, ரிவர்ஸ் சுவிட்சின் இடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பாக்ஸைச் சுற்றி நான்கு பக்கமும் படம் எடுத்தோம். போனில் கேட்பதை விட்டு, பழைய கிளட்ச் பிளேட்டையும் வெர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு நேரில் போனோம்.

நான்காவது இடத்தில், ஒரு காயலான் கடையில், தட்டு எண் ஒத்த இரண்டு பாக்ஸ் கிடைத்தன. ஒன்று கழுவி வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. மற்றொன்று அழுக்கோடு, இறக்கிய கோலத்திலேயே இருந்தது. உரிமையாளரின் கண் இயல்பாகப் பெயிண்ட் அடித்ததற்குப் போயிற்று. நான் அழுக்கானதை எடுக்கச் சொன்னேன். அழுக்கில் தகவல் இருக்கிறது. எந்த சீலிலிருந்து கசிந்தது, எவ்வளவு நாளாகக் கசிந்தது, ஓட்டில் வெடிப்பு உண்டா என்பதெல்லாம் அதில் படிக்கக் கிடைக்கும். கழுவிய பாக்ஸில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். அதில் ஆயிலும் இல்லை. அழுக்கானதில் நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விட்டபோது ஆயில் விளிம்பு வரை இருந்தது. கறுத்த ஆயில்தான், ஆனால் தீய்ந்த வாடை இல்லை. விரலிடுக்கில் தேய்த்தபோது மணல் போன்ற உறுத்தலோ, சிங்ரோ வளையம் தேய்வதைக் காட்டும் பித்தளை மினுக்கோ இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் வரும் பால் நிறமும் இல்லை.

பிறகு ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். ஒவ்வொரு கியராகப் போட்டு, இன்புட்டைத் திருப்பி, பின் ஃபிளேஞ்ச் சீராகச் சுற்றுகிறதா, எங்காவது தட்டுகிறதா என்று கவனித்தோம். இன்புட் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் நுனியைத் தாங்க வேண்டிய பைலட் பேரிங் எஞ்சினில் இருக்கிறது. முன்னும் பின்னும் இழுத்தால் வரும் ஆட்டத்தையும், சுற்றும்போது கையில் தெரியும் சொரசொரப்பையும்தான் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை. கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டு ஏறியது, நுனி 15 மி.மீ.

அந்தப் பாக்ஸ் வந்த வேன் அதே வளாகத்தில் நின்றது. முன் மூலையில் இடிபட்டு உடைக்க வந்த வண்டி. அதாவது இடிபடும் வரை ஓடிய வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் இடியின் வேகம் பாக்ஸில் இறங்கியிருக்கலாம் என்பதால், பெல் ஹவுசிங்கின் காதுகளையும் மவுண்ட் உட்காரும் இடத்தையும் டார்ச் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வெடிப்பு இல்லை. வாங்கினோம்.

மேசை மேல் செய்த வேலை

பட்டறைக்கு வந்ததும் இரண்டு பாக்ஸையும் அருகருகே வைத்து, விகிதத்தை எண்ணினோம். இன்புட் ஷாஃப்டிலும் ஃபிளேஞ்சிலும் சாக்பீஸால் ஒரு கோடு. முதல் கியரில் ஃபிளேஞ்ச் ஒரு சுற்று வர, இன்புட் நான்கு சுற்றுக்குச் சற்று மேல் போனது. நான்காவதில் ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவதில் இன்புட்டை 10 சுற்றினால் ஃபிளேஞ்ச் 12 வந்தது. ஐந்து கியரிலும் இரண்டு பாக்ஸும் ஒத்துப்போயின. கால் மணி நேர வேலைதான் இது, எந்தத் தட்டு எண்ணைவிடவும் உறுதியான சான்று.

இன்புட் சீல், பின் சீல், செலக்டர் சீல் மூன்றையும் புதிதாகப் போட்டோம். கசியாத சீலை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். இன்புட் சீல் நாளைக்குக் கசிந்தால் பாக்ஸை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும், ஆயில் நேராகக் கிளட்சில் விழும். அதே காரணத்தால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின் சீல் எல்லாம் புதிது. உரிமையாளர் செலவைப் பார்த்துத் தயங்கினார். பழைய பிளேட்டில் உராயும் பரப்பு ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சமிருந்தது என்று காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ஏற்றியது

பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியது, பிராப்பெல்லர் ஷாஃப்டைப் பழைய கோட்டிலேயே திரும்ப மாட்டக் குறி போட்டது எல்லாம் வழக்கமான வேலை. விரிவாகச் சொல்ல வேண்டியவை இரண்டுதான்.

முதலாவது டோவல். எஞ்சினையும் பாக்ஸையும் ஒரே மையத்தில் நிறுத்துவது போல்ட்டுகள் இல்லை, இரண்டு குழாய் வடிவ டோவல் பின்கள். போல்ட் துளையில் எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும். ஏற்றுவதற்கு முன் எஞ்சின் பக்கம் துடைத்துப் பார்த்தபோது டோவல் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று பழைய பாக்ஸின் துளையில் சிக்கி அதோடு போயிருந்தது. அதைத் தட்டி எடுத்து எஞ்சினில் போட்டோம். கவனிக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஷாஃப்ட் கோணலாகவே சுற்றி, சில ஆயிரம் கி.மீ.க்குள் புதுச் சீலும் பைலட் பேரிங்கும் போயிருக்கும்.

இரண்டாவது, பாக்ஸை உள்ளே தள்ளிய விதம். கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தும் கருவியால் நிறுத்திவிட்டு, 45 கிலோ எடையுள்ள பாக்ஸைக் கியர்பாக்ஸ் ஜாக்கியில் ஏற்றித் தூக்கினோம். இரண்டு விரல் கனம் மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது. இளைய மெக்கானிக் நீள போல்ட்டை எடுத்து இறுக்கி இழுக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். போல்ட்டால் இழுத்தால் கேஸிங்கின் காது ஒடியும், இல்லையென்றால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். பாக்ஸின் பாரத்தை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடுவதும் அதே சேதத்தைத்தான் செய்யும். நான்காம் கியரைப் போட்டு, ஒருவர் பின் ஃபிளேஞ்சை மெதுவாகத் திருப்பினார். பற்கள் ஒத்ததும் பாதி உள்ளே போனது. பிறகு மேலும் கீழும் இடைவெளி சமமாகும்வரை ஜாக்கியின் சாய்வைச் சரிசெய்தோம். கையால் தள்ளியதிலேயே முழுதாக உட்கார்ந்தது. அதன் பிறகுதான் போல்ட் தொட்டோம்.

ஆயில், தயாரிப்பாளர் சொன்ன ஜிஎல்-4 வகை. ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றுபவர்கள் உண்டு. அது பின் ஆக்சிலின் கடும் அழுத்தத்துக்கு ஏற்றது. அதிலுள்ள சில சேர்மானங்கள் பித்தளை சிங்ரோ வளையங்களுக்கு ஆகாமல் போகலாம். நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றி, கிளட்சின் காற்றை எடுத்து, 30 கி.மீ. ஓட்டினோம். ஊளை இல்லை. மூன்றாவது துள்ளவில்லை. வண்டி மொத்தம் 11 நாள் நின்றிருந்தது, அதில் கழற்றி மாட்டிய வேலை 2 நாள்தான்.

அதன் பிறகு

ஒரு வாரத்தில் உரிமையாளர் திரும்பி வந்தார். பழகிய பாதையில் தூரம் அதிகமாகக் காட்டுகிறது, ஸ்பீடோமீட்டரும் கூடக் காட்டுவது போலிருக்கிறது என்றார். போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டோம். உண்மையில் 60 போகும்போது முள் 66-இல் நின்றது. கேபிளைச் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் கியரை எடுத்துப் பார்த்தபோது 19 பல். பழைய பாக்ஸிலிருந்ததில் 21. அந்தக் கியர், வண்டியின் பின் ஆக்சில் விகிதத்துக்கும் டயர் அளவுக்கும் ஏற்றபடி போடப்படுவது. பாக்ஸ் ஒன்றாக இருந்தாலும், அது இருந்த வண்டியின் ஆக்சில் வேறு. 21-ஐ 19-ஆல் வகுத்தால் சுமார் 1.1, பிழையும் அதே அளவு. பழைய கியரை மாற்றிப் போட்டதும் சரியானது. பத்து நிமிட வேலை. மேசை மேல் இருந்தபோதே செய்திருக்க வேண்டும்.

500 கி.மீ.யில் ஆயிலை மாற்றினோம். காந்தத்தில் மெல்லிய குழம்பு மட்டும், செதில் இல்லை. 6 மாதம், 9,000 கி.மீ. ஆன பிறகு கேட்டபோதும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறை மட்டும் உண்டு. காலைக் குளிரில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிக்கிறது, ஆயில் சூடானதும் சரியாகிறது. அந்த சிங்ரோ கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றிப் பார்க்கும் சோதனையில் அது தெரியாது. உரிமையாளருக்கு இதை மறைக்காமல் சொன்னோம்.

பழைய பாக்ஸைத் திறந்தபோது

வேலை முடிந்து சில வாரம் கழித்து, ஓய்வான ஒரு நாளில் பழைய பாக்ஸைப் பிரித்தோம். லே ஷாஃப்டின் முன் பேரிங் நீலம் பாய்ந்து, உருளைகளில் குழி விழுந்திருந்தது. மூன்றாம் கியரின் பற்களில் மூன்று உரிந்திருந்தன. பின் பேரிங் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஆயில் குறைந்த பாக்ஸில் ஏற்றம் ஏறும்போது இருப்பதெல்லாம் பின்பக்கம் ஓடிவிடும், முன் பேரிங்தான் முதலில் காய்ந்திருக்கும்.

ஆயில் ஏன் குறைந்தது? பின் சீல் கசிந்திருந்தது தெரிந்த விஷயம். ஆனால் சீலின் உதடு அவ்வளவு மோசமாக இல்லை. கடைசியில், மேல்பக்கம் இருந்த பிரீதர் மூடியைக் கழற்றினேன். உள்ளே மண் இறுகி அடைத்துக் கிடந்தது. பாக்ஸ் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற அந்த ஓட்டை ஒன்றுதான் வழி. அது அடைபட்டால் அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். கடலை அளவு மண் ஒரு பாக்ஸைக் கொன்றிருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. வண்டியில் நாங்கள் மாட்டிய பாக்ஸின் பிரீதரை யாரும் தொடவே இல்லை. அன்றே உரிமையாளரை அழைத்து வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். அதுவும் பாதி அடைத்திருந்தது. சுத்தம் செய்து, மூடி தன் இடத்தில் தளர்வாகச் சுழல்கிறதா என்று பார்த்து விட்டோம்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

பழைய பாக்ஸ் தரைக்கு வரும்வரை புதியதற்கு யாரிடமும் வார்த்தை கொடுப்பதில்லை. இரண்டு நாள் கூடுதலாக நின்றாலும் பரவாயில்லை. இந்த வண்டியில் அவசரப்பட்டதால் போனது நான்கு நாள். வார்ப்பு எண்ணை மட்டும் வைத்து எந்தப் பாக்ஸுக்கும் தலையசைப்பதும் இல்லை.

டோவல் இரண்டும் எஞ்சினில் இருக்கிறதா என்பதை இறக்கிய உடனேயே பார்ப்போம், ஏற்றப்போகும் நேரத்தில் இல்லை. ஸ்பீடோமீட்டர் கியரும் பிரீதரும் மேசை வேலையில் சேர்ந்துவிட்டன. இப்போது பட்டறைக்குள் வரும் எந்த வண்டியை லிஃப்டில் ஏற்றினாலும், வேறு வேலைக்காக வந்ததாக இருந்தாலும், இளைய மெக்கானிக் முதலில் கை நீட்டிப் பிரீதர் மூடியைத் திருகிப் பார்க்கிறார்.